சாத்தனேரிப் பெட்டி

ஜூன் 5, திங்கள்

பேராசிரியர் ஞானமுத்துவின் ஸ்லைடுப் பெட்டிகள் ஒருவழியாக இன்று எங்கள் பல்கலைக்கழக ஆவணகத்துக்கு வந்து சேர்ந்தன. மனுஷர் போய் ஒரு வருஷம் ஆகிறது. மானுடவியல் துறையில் இருந்த காலமெல்லாம் கழுத்தில் கேமராவும் காலில் ரப்பர் செருப்புமாக வட மாவட்டத்துக் கிராமங்களைச் சுற்றியவர். சாவுச் சடங்குகள்தான் அவருடைய ஆராய்ச்சி. எங்கேயாவது பறைச் சத்தம் கேட்டால் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார் என்று மாணவர்கள் கேலி செய்வார்களாம்.

அவர் மனைவி ஹெலன் அம்மா லாரியோடு கூடவே வந்திருந்தார். "வீட்ல வச்சா பூச்சி தின்னுடும்மா. உங்ககிட்ட இருந்தா நாலு பேரு பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. காபி கேட்டார்.

நூலகர் தாமோதரன் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இந்தக் குப்பைய எங்க வைக்கப் போற அரசி?" என்றார். மங்கையர்க்கரசி என்று அப்பா ஆசையாக வைத்த பெயரை முழுசாகக் கூப்பிட இங்கே யாருக்கும் மூச்சு இல்லை. பத்து நிமிஷத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்ததும் அதே வாயால் "அரிய பொக்கிஷம்" என்றார். பொக்கிஷத்தை ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, இணையத்தில் ஏற்றும் வேலை எனக்கும் என் உதவியாளர் யாஸ்மினுக்கும்.

ஜூன் 20, செவ்வாய்

இன்று ஒரு சாதனை. எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்த ஆபீசில் நம்மைப் பாராட்ட நாம்தான் இருக்கிறோம்.

யாஸ்மின் 'சாத்தனேரி, 1984' என்று எழுதிய பெட்டியை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். ஏரிக்கரையை ஒட்டிய ஒரு புதைகாடு. பின்னால் பழைய கல் மதகு. சட்டையில்லாத வாலிபன் ஒருவன் தோளில் மண்குடத்தோடு குழியைச் சுற்றி வருகிறான். எனக்கு என்னவோ உறுத்தியது. குடம் இடது தோளில் இருந்தது. அடுத்த படத்தில் குழியைச் சுற்றி நிற்கிறவர்கள் மண் தள்ளுகிறார்கள், அத்தனை பேரும் இடது கையால். சுற்றி வருவதும் வலமாக இல்லை. கோயிலில் ஒரு குழந்தைகூட அப்படிச் சுற்றாது.

"ஸ்லைட மாத்திப் போட்டிருக்க யாஸ்மின்."

"இல்ல மேடம். சார் நம்பர் எழுதுன பக்கம் மேல வர்ற மாதிரிதான் போட்டேன். எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தானே போடுறோம்?"

"அப்போ ஊரு மொத்தமும் ஒரே நாள்ல இடதுகைக்காரங்களா ஆயிட்டாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். ஸ்லைடு என்பது அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும் தபால்தலை அளவு ஃபிலிம். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். பளபளப்பான பக்கம், மங்கலான பக்கம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பூஞ்சை படர்ந்த ஃபிலிமில் இரண்டு பக்கமும் மங்கல்தான். ஸ்டூடியோக்காரன் சட்டத்தில் தப்பாகப் பொருத்தியிருப்பான், பேராசிரியர் கவனிக்காமல் எண் போட்டிருப்பார் என்று முடிவு செய்தேன். முதல் ஸ்கேனை அழித்துவிட்டு, பெட்டி முழுவதையும் திருப்பிப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன். இப்போது குடம் வலது தோளில், மண் வலது கையில். எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

"திருப்பிப் போட்டோம்னு விவரத்துல எழுதட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

"தப்பத் திருத்துனதுக்கெல்லாம் குறிப்பு எதுக்கு? படிக்கிறவன் குழம்புவான்."

சாயங்காலக் கூட்டத்தில் தாமோதரன் சார் எல்லார் முன்னாலும், "அரசிக்குக் கழுகுக் கண்ணு. பேராசிரியரே விட்ட தப்பைப் பிடிச்சிருக்கா" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 14, வெள்ளி

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது. கட்டடம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. பூஞ்சை பிடித்த பெட்டிகளை வைத்திருந்தால் மற்றதற்கும் பரவும் என்று காரணம் சொல்லி அந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் சார். ஸ்கேன் ஆன பின் கெட்டுப்போன மூலத்தை அழிக்கலாம் என்று கொடைப் பத்திரத்திலேயே இருக்கிறது, ஹெலன் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பொறுப்பு அலுவலர் என்ற இடத்தில் நான் போட்டேன். சாத்தனேரிப் பெட்டியும் அதில் போனது.

யாஸ்மினுக்கு மனசில்லை. "சார் எவ்ளோ அலைஞ்சி எடுத்திருப்பாரு" என்றாள். எடுத்ததுதான் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே என்றேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது நகராட்சி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9, புதன்

சாத்தனேரியிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள் என்று யாஸ்மின் சொன்னபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. படத்தில் பார்த்த ஊரிலிருந்து மனிதர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது விசித்திரமாக இருந்தது.

வந்தவள் ராசகிளி. நாற்பது வயதிருக்கும். அங்கே காலனியின் வார்டு மெம்பர். கூட அவளுடைய மாமனார் பொன்னுரங்கம். ஒரு கண்ணில் புரை எடுத்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஏரிக்கரையில் மதகுக்குக் கிழக்கே தலைமுறை தலைமுறையாகக் காலனிக்காரர்கள் பிணம் புதைக்கிறார்கள். அரசாங்கக் கணக்கில் அது வெறும் ஏரிப் புறம்போக்கு, புதைகாடு என்று எழுதியே இல்லை. பக்கத்தில் மனை போட்டு விற்கிறவர்கள் அந்த வழியாக ரோடு கேட்கிறார்கள். காலனிப் புதைகாடு முன்பு மதகுக்கு மேற்கே இருந்தது, அது நெடுஞ்சாலைக்குப் போய் அப்போதே மாற்று இடமும் கொடுத்தாகிவிட்டது, கிழக்கே புதைப்பது சமீபத்திய ஆக்கிரமிப்பு என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். மாற்று இடம் என்பது ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கும் பாறைக்காடு.

"நேத்து மொளச்ச ஆளுங்க எங்களப் போயி ஆக்கிரமிப்புன்றாங்க மேடம். எங்க தாத்தன் பூட்டன்லாம் அங்கதான் கெடக்குறாங்க. ஜட்ஜய்யா பழைய ஆதாரம் கேக்குறாரு. எங்ககிட்ட ஏது? ஊருப் பேரப் போட்டுத் தேடுனா உங்க படம் வருதுன்னு வக்கீலு சொன்னாரு."

திரையில் படங்களைக் காட்டினேன். ராசகிளி குடம் வைத்திருந்த வாலிபனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, இது நீதானே?" என்றாள். அது பொன்னுரங்கமேதான், அவருடைய அப்பாவின் சாவு. பெரியவர் திரைக்கு ஒட்டி முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். இடது தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். வலிக்கிறது போலிருக்கிறது.

"நான்தான். ஆனா என்னமோ மாதிரி இருக்குது தாயி. நான் இப்பிடியா நின்னேன்?"

"நாப்பது வருஷம் ஆச்சு இல்லைங்களா, மறந்திருக்கும். கேமரா எங்க நின்னு எடுத்துச்சுன்றதப் பொறுத்து அப்படித் தெரியும்" என்று விளக்கினேன்.

"படிச்சவங்க சொன்னா சரி" என்றார். ராசகிளியிடம் கேட்டேன், இடம் இதுதானே என்று. "நான் பொம்பள, பொணத்தோட அங்கல்லாம் போனதில்ல மேடம். மதகையும் நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே இடிச்சிட்டாங்க. கரை எங்க கரைதான்" என்றாள். போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு வேர்த்துவிட்டது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஐந்து படங்களுக்குச் சான்றிட்ட நகல் கொடுத்தேன். பின்பக்கம் பேராசிரியரின் களக்குறிப்பிலிருந்து ஒரு வரி, 'கரைக்குத் தெற்கே வயலில் நின்று வடக்கு நோக்கி எடுத்தவை.' அதன் கீழ் 'மூலத்துக்கு மாறாத உண்மை நகல்' முத்திரை, என் கையெழுத்து. பத்தொன்பது வருஷ வேலையில் முதல் தடவையாக நான் செய்த ஒன்று யாருக்கோ நிஜமாகவே உதவப் போகிறது.

செப்டம்பர் 21

யாஸ்மினுக்குப் பல் வலி. ஸ்கேனரும் லீவு போட்டுவிட்டது. ரிப்பேர்காரர் நாளைக்கு வருகிறேன் என்று மூன்றாவது நாளாகச் சொல்கிறார்.

அக்டோபர் 12

சாத்தனேரி வழக்கின் எதிர்த்தரப்பு வக்கீலும் அதே ஐந்து படங்களுக்குச் சான்று நகல் கேட்டு எழுதியிருக்கிறார். கொடுக்காமல் இருக்க முடியாது. தாமோதரன் சாருக்குக் கால் தரையில் இல்லை. "நம்ம ஆவணகம் கோர்ட் வரைக்கும் போயிடுச்சு பாத்தியா" என்று துணைவேந்தருக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர்களுக்கு இந்தப் படம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 16

ராசகிளி போன் செய்தாள். அவள் குரலே இல்லை அது.

"மேடம், உங்க படந்தான் எங்களக் குழியில தள்ளிடுச்சி."

பொதுப்பணித் துறையின் பழைய வரைபடத்தை எடுத்துவந்து, மதகு எங்கே இருந்தது என்பதை முதலில் நிரூபித்திருக்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்புறம் எங்கள் படத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். வடக்கு நோக்கி எடுத்த படம். குழிகளெல்லாம் மதகுக்கு இடப்பக்கம், அதாவது மேற்கே. புதைகாடு மேற்கேதான் இருந்தது என்று பல்கலைக்கழகமே சான்று கொடுத்திருக்கிறது, இவர்களே கொண்டுவந்து தாக்கல் செய்திருக்கிறார்கள் என்றாராம். கிழக்கே இனிமேல் யாரையும் புதைக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்துவிட்டது.

"எங்க வக்கீலு எங்களையே திட்டுறாரு மேடம். பொய் சொல்லி என் மானத்த வாங்கிட்டீங்கன்றாரு."

நான் என்ன சொன்னேன் என்றால், படம் பொய் சொல்லாது ராசகிளி, ஒருவேளை அந்தக் காலத்தில் மேற்கேயும் புதைத்திருக்கலாம், பெரியவர்களை விசாரித்துப் பாருங்கள் என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் சொன்னதில் தப்பென்ன? ஆவணத்தில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். வேண்டியவர்களுக்காக மாற்றிக் கொடுக்க முடியாது.

நவம்பர் 26, ஞாயிறு. மாயவரம்

அப்பாவுக்கு இரண்டாம் வருஷத் திதி. தம்பி குமரகுரு ஈர வேட்டியோடு உட்கார்ந்து கொடுத்தான், நான் அடுக்களையில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை எடுத்த அன்றும் இப்படித்தான். தெருமுனை வரை அழுதுகொண்டு போனேன், பெண்கள் அதற்குமேல் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் பார்த்ததில்லை. யாரும் சொன்னதுமில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"குமரா, அப்பாவுக்குக் கொடம் எந்தத் தோள்ல எடுத்த?"

"எடது தோள்லதான். ஏன் அக்கா?"

"வலதுல எடுக்க மாட்டாங்களா?"

"சாவுக்கு யாராவது வலதுல எடுப்பாங்களா? சுத்துறதும் எடமாத்தான் சுத்தணும். நல்லதுக்குச் செய்யுற எல்லாத்தையும் அங்க மாத்திதான் செய்யணும். ஒனக்கு இது தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றேன்.

நவம்பர் 27

அது எங்கள் பக்கத்து வழக்கமாக இருக்கலாம். வட மாவட்டத்தில் வேறு மாதிரி இருக்கலாம். ஊருக்கு ஊர் மாறும், சாதிக்குச் சாதி மாறும். பேராசிரியரே எழுதியிருக்கிறார்.

நவம்பர் 29

பேராசிரியர் எழுதிய அதே கட்டுரையை எடுத்துப் படித்தேன். வட மாவட்டம் பற்றியதுதான். நான்கு பக்கம் தள்ளி இருந்தது. குடம், மண், சுற்று, எல்லாம் இடது. இந்தக் கட்டுரை ஜூன் மாதத்திலும் என் அலமாரியில்தான் இருந்தது.

டிசம்பர் 1, வெள்ளி

பெட்டியின் எல்லாப் படங்களையும் திறந்து உட்கார்ந்தேன். ஏதாவது ஒன்று நான் செய்தது சரி என்று சொல்லாதா என்று தேடினேன். உண்மையைத் தேடினேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை.

புதைகாட்டில் எழுத்து எதுவும் இல்லை. யார் கையிலும் கடிகாரம் இல்லை. நான் நகல் கொடுக்காத ஒரு படத்தில், ஓரத்தில், பனைமரத்தில் சாய்த்துவைத்த சைக்கிள் ஒன்று. செயின் இடப்பக்கம் இருந்தது. வெளியே போய் மாணவர்களின் சைக்கிள் நிறுத்தத்தில் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். காவலாளி, "என்ன மேடம், சாவி விழுந்திருச்சா?" என்று கேட்டார். எல்லாச் சைக்கிளுக்கும் செயின் வலப்பக்கம்தான். வேறு மாதிரி ஒரு சைக்கிளை உலகத்தில் யாரும் செய்வதில்லை.

ஸ்டூடியோக்காரன் தப்புச் செய்யவில்லை. பேராசிரியர் தப்புச் செய்யவில்லை. யாஸ்மின் சரியாகத்தான் போட்டாள். நான்தான் திருப்பினேன்.

யாஸ்மினிடம் சொன்னேன். அவள் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் தேவலை. "எனக்கும் தெரியல மேடம். எங்கள்ல பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போறதில்ல" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 4, திங்கள்

தாமோதரன் சார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீதிமன்றத்துக்குத் திருத்தக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றேன்.

"மூலம் எங்க?" என்றார்.

"அழிச்சுட்டோம் சார்."

"யாரு கையெழுத்து?"

அவருக்கே தெரியும்.

"ஒரு பெட்டி தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, அத்தனை பெட்டியும் தப்புன்னுதான் வெளிய பேசுவாங்க. இந்த ஆவணகத்தோட பத்து வருஷ உழைப்பு அரசி. எவனோ ரெண்டு பேரு எடத்துக்கு அடிச்சிக்கிறதுக்கு நம்ம தலையக் குடுக்கணுமா?"

"எவனோ இல்ல சார். அவங்க நம்மள நம்பி வந்தாங்க."

"நீ கொஞ்ச நாள் லீவு போடு" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

டிசம்பர் 12

சாத்தனேரிக்குப் போனேன். ராசகிளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். பொன்னுரங்கம் கட்டிலில் படுத்திருந்தார், நெஞ்சுச் சளி. நான் சொல்லி முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கே நெனச்சேன் தாயி. எங்கப்பனுக்கு நான் சோத்துக்கை தோள்ல கொடம் வச்சிருப்பனான்னு. படிச்சவங்க சொல்றீங்களேன்னு வாய மூடிக்கினேன்."

ராசகிளி எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் டீ இருந்தது. எனக்கு அதைக் குடிக்க என்ன தகுதி என்று நினைத்தேன், குடிக்காவிட்டால் இன்னும் கேவலம் என்று குடித்தேன்.

"கோர்ட்ல வந்து இதையே சொல்லுவீங்களா?" என்றாள்.

"சொல்லுவேன்."

"வேல போயிடாதா?"

"போனா போகட்டும்" என்றேன். சொன்னபோது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் புத்தி அப்படி.

பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் போறதுக்குள்ள ஆயிடுமா தாயி? எங்கப்பன் பக்கத்துல எடம் இருக்குது. பாத்து வச்சிக்கிறேன்."

ஆகிவிடும் என்று சொன்னேன்.

ஜனவரி 8

காலனி வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட மனுப்போட்டு, அனுமதியும் வாங்கிவிட்டார். இருபத்து நாலாம் தேதி. சைக்கிள் படத்தையும் சொன்னேன். "அது போதும் மேடம், சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும். செயின் எந்தப் பக்கம்னு பாத்தா முடிஞ்சது கேஸ்" என்றார். பல வாரத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். சம்மன் ஆபீசுக்கு வந்ததும் தாமோதரன் சார் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஜனவரி 24, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் திருப்பினேன், எப்படித் தெரிந்தது, சைக்கிள், எல்லாம். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். ராசகிளி பின்வரிசையில் இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சிரித்த முகம். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், அந்தச் சைக்கிள் படம் உங்க வெப்சைட்ல இருக்கா?"

"இருக்கு."

"இப்பவே பாக்கலாமா?"

நீதிமன்றக் கம்ப்யூட்டரில் திறந்தார்கள். திரையை என் பக்கம் திருப்பினார்கள். சைக்கிளின் செயின் வலப்பக்கம் இருந்தது.

மற்ற படங்களையும் திறந்தார்கள். குடம் இடது தோளில். குழிகள் மதகுக்குக் கிழக்கே. எல்லாம் சரியாக, பேராசிரியர் எடுத்தது எடுத்தபடி இருந்தது. எந்தக் குறிப்பும் இல்லை. தாமோதரன் சார் யாரையோ வைத்துப் பெட்டி மொத்தத்தையும் சத்தமில்லாமல் திருப்பிவிட்டிருக்கிறார். தப்பே நடக்காத மாதிரி ஆக்கிவிட்டார். நான் யாஸ்மினுக்குச் சொன்னதைத்தான் அவரும் செய்திருக்கிறார். திருத்தியதற்குக் குறிப்பு எதற்கு?

"படம் மாத்தப்பட்ட தேதி போன வெள்ளிக்கிழமைன்னு காட்டுது. நீங்க சாட்சி சொல்ல வர்றதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி. யார் மாத்துனது?"

"நான் இல்ல."

"இந்தப் படங்களுக்குப் பொறுப்பு அலுவலர் யாரு?"

"நான்."

"மூலப்படம்?"

"அழிச்சாச்சு."

"யார் உத்தரவுல?"

"என் கையெழுத்துல."

"ஆகஸ்ட்ல உண்மை நகல்னு கையெழுத்துப் போட்டதும் நீங்க. இன்னைக்கு அது பொய்னு சொல்றதும் நீங்க. நடுவுல சாத்தனேரிக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்ததும் நீங்க. நாங்க எந்த மேடத்த நம்புறது?"

கோர்ட்டில் சிரித்தார்கள். செயின் இடப்பக்கம் இருந்த பழைய கோப்பின் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது, அதை நீட்டினேன். அதையும் நீங்களே வீட்டில் செய்திருக்கலாமே என்றார். செய்திருக்கலாம்தான். எல்லாப் படமும் என் கையில்தானே இருந்தது. நீதிபதி என் சாட்சியத்தை நம்பகமில்லாதது என்று பதிவு செய்யச் சொல்லிவிட்டு, பல்கலைக்கழகம் விளக்கம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் ராசகிளியிடம், நான் மாற்றவில்லை என்று சொன்னேன். "தெரியும் மேடம்" என்றாள். அவளாவது என்னைத் திட்டியிருக்கலாம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எந்த ஊரில் சாவு என்று கேட்டார்.

ஜனவரி 30

மெமோ வந்தது. ஆவணத்தைச் சேதப்படுத்தியதாக. பதில் எழுதவில்லை.

பிப்ரவரி 6

தீர்ப்பு. கிழக்கு நிலத்தில் காலனிக்கு எந்த உரிமையும் இல்லை. அப்பீல் போகலாம் என்கிறார் வக்கீல். வருஷக்கணக்காகும்.

பிப்ரவரி 17, சனி

பொன்னுரங்கம் நேற்றுக் காலையில் போய்விட்டார். ராசகிளிதான் போன் செய்தாள். வரச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, சொன்னாள். நான் கிளம்பிப் போனேன்.

பாடையைக் கிழக்குக் கரைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே கம்பிவேலி போட்டிருந்தது, வேலிக்கு முன்னால் போலீஸ் வேன். உள்ளே பொக்லைன் ஒன்று பழைய மேடுகளை நிரவி முடித்துவிட்டு நின்றிருந்தது. இறக்கிவைத்த பாடை நடுரோட்டில் மத்தியானம் வரை கிடந்தது. பறை அடித்தவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ராசகிளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "நீ மெம்பரு, நீயே சட்டத்த மீறலாமா? பையனுங்க மேல கேஸ் விழுந்தா அப்புறம் வேலை வெட்டிக்குப் போக முடியுமா?" என்றார். வெயில் ஏற ஏற வாடை வர ஆரம்பித்தது. அதற்குமேல் யாருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. ராசகிளிதான், "தூக்குங்கடா" என்றாள்.

பாறைக்காடு வரை நடந்தோம். பெண்களும் நடந்தார்கள். திரும்பிப் போங்கள் என்று சொல்ல இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. ஒரு புதைகாட்டுக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை, அதுவும் புதைகாடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. முழங்கால் ஆழத்துக்குமேல் கடப்பாரை இறங்கவில்லை. நாலு இடத்தில் தோண்டிப் பார்த்து, கடைசியில் அந்த ஆழத்திலேயே இறக்கினார்கள். மண் போதாமல் ஆளுக்கொரு கல்லாகப் பொறுக்கிவந்து மூடினோம். நானும் கல் எடுத்துப் போட்டேன். நாய் தோண்டிவிடும் என்று யாரோ சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் கல் கொண்டுவந்தோம்.

எல்லாரும் கிளம்பிய பிறகும் ராசகிளி நின்றுகொண்டிருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

"மேடம், உங்க போன்ல ஒரு படம் எடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"எங்க பொதச்சீங்கன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். எடுத்து வைங்க. அந்தக் குன்று தெரியுற மாதிரி எடுங்க."

எடுத்தேன். ஒன்று போதாதென்று இன்னொன்றும் எடுத்தேன். அவள் போனை வாங்கி, படத்தையும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குன்று இருக்கும் பக்கம் ஒருமுறை கையை நீட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த எடம் வேணாம்னுதான் மேடம் கோர்ட்டுக்குப் போனோம். இப்ப இதுக்கு ஆதாரம் எடுத்துக்கினு நிக்கிறோம்" என்றாள்.